உம் கொட்டிய குற்றம்

பத்மாவதிக்கு யார் எதைச் சொன்னாலும் உம் கொட்டவேண்டும். பக்கத்து அறைக்காரி தன் விசா தள்ளிப்போன கதையைச் சொன்னாலும் உம், வானொலியில் செய்தி வாசிக்கிறவருக்கும் உம். கிளினிக்கில் டொக்டர் ஆங்கிலத்தில் விளக்கினால் அதற்கும் மரியாதையாக உம் போட்டுவிட்டு, வெளியே வந்ததும், "அவர் என்னவாம் பிள்ளை?" என்று கேட்பார். யாழ்ப்பாணத்தில் கதை கேட்கிறவர் செய்யவேண்டிய கடமை அது. உம் நின்றால் சொல்கிறவர் கதையை நிறுத்தி, "நித்திரையோ?" என்று கேட்டுவிடுவார். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, கொழும்பில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் குளிரூட்டிய அறையில் இருந்த மூன்று பேர் அந்த உம்மைக் களவு என்று எழுதிவைத்தார்கள்.

அப்போது அவருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், லொட்ஜின் மூன்றாம் மாடியில் இருந்தார். லிஃப்ட் கிடையாது. இதய வால்வு பழுதான மனிசிக்கு மூன்றாம் மாடியைக் கொடுத்ததற்கு லொட்ஜ் முகாமையாளர் இராசரத்தினத்திடம் ஒரு காரணம் இருந்தது.

"கீழ் அறையள் குடும்பங்களுக்கு அம்மா."

"அப்ப நான் ஆர், வாழைக்குலையோ? மேலை கொண்டுபோய்த் தொங்கவிடுறியள்?"

இராசரத்தினம் சிரித்தார். அறை மாறவில்லை. பத்மாவதி ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் குந்தி, மூச்சு வந்ததும் மறுபடி ஏறுவார்.

அந்த ஊருக்கு அவர் புதியவர் அல்ல. இருபத்தோரு வயதில் சுருக்கெழுத்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவர். ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த நவரத்தினத்தைக் கட்டி, இதே வெள்ளவத்தையில், லொட்ஜுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடெடுத்திருந்தார். மீன்காரனோடும் பஸ் கொண்டக்டரோடும் சண்டைபிடித்துச் சண்டைபிடித்தே சிங்களம் படித்தார். அதனால் அவருடைய சிங்களத்தில் சண்டைக்குரிய சொற்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தது. கப்பலில் ஏற்றி காங்கேசன்துறையில் இறக்கினார்கள். பிறகு நவரத்தினம் ஷெல்லடியில் போனார். ஒரே மகள் நோர்வேக்குப் போனாள். வால்வு பழுதாகி, யாழ்ப்பாண ஆஸ்பத்திரி கொழும்புக்கு எழுதிக் கொடுத்து, வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்காரியாக இருந்த ஊரில் லொட்ஜ்காரியாகத் தங்கவேண்டியதாயிற்று.

யாரோ திருத்திக் குடியேறியிருந்த அந்தப் பழைய வீட்டை ஒருநாள் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: "யன்னலுக்குக் கறுப்புப் பெயின்ற் அடிச்சிருக்கினம். விசருகள்."

அவரோடு அறையைப் பங்கிட்டவள் சுகிர்தா. கொக்குவில்காரி, இருபத்தேழு வயது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவள். வேலை தேடித் திருகோணமலைவரை கப்பலிலும் பிறகு பஸ்ஸிலும் வந்திருந்தாள். பெரிய மென்பொருள் கம்பனி ஒன்றின் எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். அடுத்தது நேர்முகம். ஒரு புதிர் தருவார்கள். அதைத் தீர்க்கிற அல்கோரிதத்தைச் சொல்லவேண்டும். ஆனால் விடை மட்டும் போதாது. "நீங்கள் யோசிப்பது எங்களுக்குக் கேட்கவேண்டும்," என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள் ஆளணிப் பிரிவுக்காரி. "வாய்விட்டு யோசிக்கவேண்டும்."

சுகிர்தாவுக்கு முடியாதது அது ஒன்றுதான். கொழும்பு வந்து எட்டு மாதத்தில், தமிழ் வெளியே கேட்டால் சந்தேகம் வரும் என்று அவள் வாயை மூடப் பழகியிருந்தாள். பஸ்ஸில் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் பேசாமல் வெட்டுவாள். கடையில் விரலால் காட்டிச் சாமான் வாங்குவாள். சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில். தலைக்குள் விடை மின்னலாய் வரும். வாய் திறக்காது.

"எனக்குச் சொல்லு," என்றார் பத்மாவதி.

"உங்களுக்கு இது விளங்காது அன்ரி."

"விளங்கவேணும் எண்டு ஆர் சொன்னது? நீ சொல்லு. நான் கேக்கிறன்."

அப்படித்தான் தொடங்கியது. பின்னேரங்களில் இரண்டு கட்டிலிலும் எதிரெதிரே இருந்து, சுகிர்தா அல்கோரிதம் சொல்லுவாள், பத்மாவதி உம் கொட்டுவார். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேடுவதென்றால் நடுவில் திற, தேடுவது அதற்கு முந்தியதா பிந்தியதா என்று பார், ஒரு பாதியை எறி, மிச்சப் பாதியின் நடுவைத் திற. உம். கடைசியாய் வைத்ததை முதலில் எடுக்கிற அடுக்கு, முதலில் வந்தவனை முதலில் அனுப்புகிற வரிசை. உம். "வரிசையெண்டால் தெரியும். கிளினிக்கிலை அது நடக்கிறேல்லை, அதுதான் வித்தியாசம்." பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டிரண்டு பேரை ஒப்பிட்டு, பெரியதைப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி தொடக்கத்திலிருந்து வருகிற முறையைச் சொன்னபோது பத்மாவதிக்குப் பொறுக்கவில்லை.

"இப்பிடி அயலும் அயலும் இடிபட்டுக்கொண்டிருந்தால் எப்ப பிள்ளை முடியுறது?"

"அதுதான் அன்ரி அதை ஒருத்தரும் பாவிக்கிறேல்லை. படிக்க மட்டும்தான்."

"நாட்டிலை பாவிக்கினம்," என்றார் பத்மாவதி.

சில நாட்களில் சுகிர்தா ஒன்றைக் கவனித்தாள். அவள் ஒரு படியை விழுங்கிவிட்டுத் தாண்டினால் உம் வராது. பத்மாவதி கேள்வி கேட்கமாட்டார், பிழை என்று சொல்லமாட்டார். அவருக்குப் பிழை தெரியாது. கதையில் ஒரு துண்டு குறைகிறது என்பது மட்டும் காதுக்குத் தெரியும். உம் நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் ஓட்டை அங்கே இருக்கும்.

அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது சம்பளம் மட்டும் அல்ல. கொழும்பில் நிற்கத் தமிழருக்குக் காரணம் வேண்டும். பொலிஸ் பதிவு புதுப்பிக்கக் காரணம், லொட்ஜில் படுக்கக் காரணம். வேலைக் கடிதம் ஒன்று கையில் வந்தால் சுகிர்தா காரணம் உள்ள மனுசியாகிவிடுவாள். கல்கிசையில் நிலத்தோடு ஒரு அறை எடுத்து, பத்மாவதியையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேசி வைத்திருந்தார்கள். படி இல்லாத அறை. அதுதான் அவர்களுடைய முழுத் திட்டமும்.

நேர்முகம் ஜூன் மாதத்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்றைக்கே பத்மாவதிக்கும் கிளினிக். இரண்டு பேரும் ஒன்றாய் வெளிக்கிட்டு, ஒன்றாய்த் திரும்புவது என்று பேச்சு.

அந்த வியாழன் விடியமுன் பொலிஸ் வந்தது.

கதவுகளைத் தட்டி எல்லோரையும் நடைபாதையில் நிறுத்தினார்கள். சார்ஜன்ட் ஒருவர் அடையாள அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். கொழும்பில் நிற்பதற்கு என்ன காரணம்? பத்மாவதி கிளினிக் அட்டையை நீட்டினார். வவுனியாவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றார் சார்ஜன்ட். சுகிர்தா, இன்றைக்கு வேலைக்கு நேர்முகம் என்றாள்.

"கடிதம்?"

"தொலைபேசியில்தான் சொன்னார்கள்."

"அப்படியானால் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லு."

விடியாத நேரத்தில் எந்தக் கம்பனி தொலைபேசியை எடுக்கும்? மணி அடித்துக்கொண்டே இருந்தது. சார்ஜன்ட் அது அடித்து ஓயும்வரை மிகவும் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, அரை மணித்தியாலத்தில் சாமான் கட்டவேண்டும் என்றார்.

பத்மாவதி சிங்களத்தில் சொன்னார்: "நான் இந்த ஊரில் வீட்டுக்கு வாடகை கட்டும்போது நீங்கள் பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கியிருக்க மாட்டீர்கள். என்னிடம் காரணம் கேட்கிறீர்களா?"

சார்ஜன்ட் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

இராசரத்தினம் வாசலில் நின்று, "எல்லாருக்கும்தானே அம்மா, எல்லாருக்கும்தானே," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் நடந்தால் அது அநியாயம் இல்லை என்று அந்த மனிதர் நினைத்தாரோ என்னவோ.

பஸ் நிறையச் சனம். வெள்ளவத்தை லொட்ஜ்களில் ஏற்றப்பட்டவர்கள், கொட்டாஞ்சேனையில் ஏற்றப்பட்டவர்கள். முன் இருக்கையில் சார்ஜன்ட், முன் கதவருகே துப்பாக்கியோடு இளம் கொன்ஸ்தாபிள் ஒருவன். சுகிர்தாவுக்கும் பத்மாவதிக்கும் பின் வரிசைக்கு முன் வரிசை கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் வேலுசாமி. ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் இறக்குகிற வேலை, கொட்டாஞ்சேனை லொட்ஜில் படுக்கை.

"ஊருக்கு அனுப்புறாங்களாம்மா," என்றார் அவர், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி. "என் ஊரு மலைநாட்டு ஹட்டன். பஸ்ஸு வடக்க வவுனியா போகுது. நான் எங்க எறங்குறது? அந்தத் தம்பிகிட்ட கேட்டா அவனுக்கும் தெரியல."

"வவுனியாவிலை தேயிலை நடுவம்," என்றார் பத்மாவதி.

"நட்டா அதுக்கும் ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லுவாங்க."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். சுகிர்தா சிரிக்கவில்லை. அவள் கையில் தொலைபேசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு சார்ஜ் போடவில்லை. ஒரு கோடுதான் மிச்சம்.

குருநாகல் தாண்டியதும் அவள் முன் இருக்கையின் மறைவில் குனிந்து கம்பனிக்கு அழைத்தாள். ஆளணிப் பிரிவுக்காரி எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். "ஓ, அது துரதிர்ஷ்டம். ஆனால் குழு இன்றைக்கு மட்டும்தான் இருக்கிறது." பிறகு யாரோடோ பேசிவிட்டு வந்தாள். "தொலைபேசியில் செய்யமுடியுமா? பத்து மணிக்கு?"

"முடியும்," என்றாள் சுகிர்தா. தொலைபேசி அத்தோடு செத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

வேலுசாமி தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "நம்ம போன எடுங்க தங்கச்சி. காசு இல்ல, ஆனா வர்ற கோலுக்குக் காசு வேணாம்ல. இந்த நம்பரச் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல அந்த நம்பரை ஆளணிப் பிரிவுக்காரிக்குச் சொன்னாள். வைத்தாள். பத்து மணி வரும்வரை பத்மாவதி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு வந்தது. ஒரு ஆண் குரல், ஆங்கிலத்தில், தன்னை நாதன் என்று சொன்னது. ஒலிபெருக்கியில் இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னது. கேள்வி இதுதான்: பெட்டிகளின் சங்கிலி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கு அடுத்த பெட்டி எது என்பது மட்டும் தெரியும். எங்கோ ஒரு பெட்டி, முடிவைக் காட்டாமல், ஏற்கெனவே கடந்த ஒரு பெட்டியைக் காட்டலாம். அப்படியென்றால் போகிறவன் சுற்றிச் சுற்றி வருவான், வெளியே வரமாட்டான். சங்கிலியில் அப்படிச் சுற்று இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவேண்டும். பெட்டிகளில் அடையாளம் போடக்கூடாது. கடந்துவந்தவற்றைக் குறித்து வைக்கவும் கூடாது.

பஸ்ஸில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தமிழர் நிறைந்த பஸ்ஸில், பொலிஸ் காவலில், ஒரு பெண் உரத்து ஆங்கிலம் பேசினால் யார்தான் கேட்கமாட்டார்கள்? கொன்ஸ்தாபிளும் கேட்டான். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"போன் எபா!"

தொலைபேசி கூடாது என்று ஏறும்போதே சொல்லியிருந்தார்கள். பத்திரிகைக்காரருக்கும் எம்.பி.மாருக்கும் ஆட்கள் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். சுகிர்தாவின் வாய் பழைய வழக்கப்படி தானாக மூடிக்கொண்டது. அவன் கையை நீட்டினான்.

பத்மாவதி எழுந்து இருவருக்கும் நடுவே நின்றார். ஓடுகிற பஸ்ஸில், ஒரு கை இருக்கைக் கம்பியில்.

"பொட்டக் இன்ன மல்லி," என்றார். கொஞ்சம் பொறு தம்பி. பிறகு மீன்காரனிடம் படித்த அத்தனை சிங்களத்தையும் தாழ்ந்த குரலில் இறக்கினார். இந்தப் பிள்ளையைக் காரணம் இல்லை என்று சொல்லித்தானே ஏற்றினீர்கள்? காரணம் இப்போது தொலைபேசியில் வந்திருக்கிறது. அதையும் நீயே வெட்டிவிட்டு, நாளைக்கு எங்கே உன் காரணம் என்று கேட்பாயா? உன் தங்கைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் நீ என்ன செய்வாய்?

அவன் நீட்டிய கையை இறக்கினான். முகத்தில் மயிர்கூடச் சரியாக முளைக்காதவன். முன்னால் சார்ஜன்டின் தலையைப் பார்த்தான், பத்மாவதியைப் பார்த்தான். "சீக்கிரம்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஹலோ? இருக்கிறீர்களா?" என்றது நாதனின் குரல்.

"இருக்கிறேன்," என்றாள் சுகிர்தா.

பத்மாவதி பக்கத்தில் அமர்ந்தார். மூச்சு இரைத்தது. ஆனாலும் முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார், கட்டிலில் இருக்கிறது போல. சுகிர்தா அவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். சங்கிலியின் தலையிலிருந்து இரண்டு பேரை அனுப்புவேன். உம். ஒருவர் ஒவ்வொரு பெட்டியாக நடப்பார். உம். மற்றவர் இரண்டிரண்டு பெட்டியாகத் தாண்டுவார்.

உம் வரவில்லை.

பத்மாவதிக்கு மூச்சு முட்டியதா, கொன்ஸ்தாபிளைப் பார்த்தாரா, அல்லது அந்தக் காது வழக்கம்போல ஏதோ குறைகிறதென்று கண்டுபிடித்ததா, சுகிர்தாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் பேச்சை நிறுத்தினாள். உம் நின்ற இடத்தை மனதுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

"பொறு, அடுத்த பெட்டி இல்லையெண்டால்? தாண்டினால் விழுந்திடுமே," என்று தமிழில் சொல்லிவிட்டு, திடுக்கிட்டு, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள்.

அந்தப் பக்கக் குரல் தாழ்ந்தது. "பரவாயில்லை. சொல்லுங்கோ."

சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்துச் சொல். அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. இரண்டு பெட்டி தாண்டுமுன் முதற்பெட்டிக்கு அடுத்தது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இல்லையென்றால் சங்கிலி முடிந்தது, சுற்று இல்லை. உம். சுற்று இருந்தால் வேகமானவர் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டிருப்பார். மெதுவானவரும் உள்ளே வந்த பிறகு, ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி ஒவ்வொன்றாய்க் குறையும். உம். ஆகவே சந்தித்தே ஆகவேண்டும். உம். சுற்று எங்கே தொடங்குகிறது என்று கேட்டார்கள். ஒருவரைத் தலைக்குத் திருப்பி அனுப்பி, இரண்டு பேரையும் ஒவ்வொரு பெட்டியாக நடக்கவிட்டால், அவர்கள் சந்திக்கிற பெட்டிதான் வாசல். ஏன் என்று கேட்டார்கள். தூரங்களைக் கூட்டிக் கழித்துச் சொன்னாள். தம்புள்ளைச் சந்தியின் ஹோர்ன் சத்தங்களுக்கு மேலாகக் கத்திச் சொன்னாள். எட்டு மாதமாக மூடிக்கிடந்த வாய் அது.

"சரி," என்றது நாதனின் குரல். "மிகவும் சரி. நன்றி."

வேலுசாமி தொலைபேசியை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அந்த ரெண்டு பேரும் சந்திச்சாங்களா தங்கச்சி?"

"சந்திச்சிட்டினம் அண்ணை."

"நல்லது. யாராவது ஒருத்தருக்காவது நல்லது நடக்கட்டும்."

வவுனியாவில் இரவைப் பாயில்லாத மண்டபம் ஒன்றில் கழித்தார்கள். மறுநாள் நீதிமன்றம் இந்த ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னது. வந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அரசாங்கத்தில் யாரோ ஒரு பெரியவர் வருத்தம் தெரிவித்ததாகப் பத்திரிகையில் வந்தது. இராசரத்தினம் அதே மூன்றாம் மாடி அறையைத் திறந்துவிட்டார். பத்மாவதி ஏறி முடிக்க எடுத்த நேரத்தில் கீழே இரண்டு பேர் தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டார்கள். தவறிய கிளினிக்குக்கு அடுத்த மாதத்தில்தான் திகதி கிடைத்தது. வராததற்குக் காரணம் என்ன என்று அங்கேயும் கேட்டார்கள்.

கம்பனியின் பதில் மின்னஞ்சலில் வந்தது. நேர்முகத்தின்போது பக்கத்தில் இன்னொருவரின் குரல் தொடர்ந்து கேட்டதாகவும், விண்ணப்பதாரி அவரோடு வேறு மொழியில் ஆலோசித்து விடையைத் திருத்தியதாகவும், வெளியார் உதவி பெற்றவரைச் சேர்ப்பதற்கு விதிகளில் இடமில்லை என்றும் எழுதியிருந்தது.

சுகிர்தா அதை மறைத்திருக்கவேண்டும். ஆத்திரத்தில் வாசித்துக் காட்டிவிட்டாள்.

பத்மாவதி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். பிறகு, "என்ரை வாயாலையோ பிள்ளை?" என்றார்.

"உங்கடை வாயாலை இல்லை அன்ரி. அவையின்ரை காதாலை."

"நான் போய்ச் சொல்லட்டே? எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை, சும்மா உம் எண்டனான் எண்டு சொல்லட்டே?"

சுகிர்தா கம்பனிக்கு எழுதினாள். ஒருமுறை அல்ல. கடைசியில், விசேட சூழ்நிலையைக் கருத்திற்கொண்டு நேரில் இன்னொரு வாய்ப்புத் தருவதாகப் பதில் வந்தது. திகதியும் வந்தது. மறுபடி பின்னேரங்களில் கட்டிலில் இருந்து பயிற்சி. ஆனால் பத்மாவதி இப்போது உம் கொட்டவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உம் சொல்லுங்கோ அன்ரி. எனக்கு ஓடுதில்லை."

"வேண்டாம் பிள்ளை. உனக்குப் பழகிப்போடும். அங்கை போய் நிண்டு என்னைத் தேடுவாய்."

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. ஒரு பிழையான நீதி வந்து அறுபது வருசத்துப் பழக்கத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டது.

நேர்முகத்துக்கு முந்திய வாரம், ஒரு பின்னேரம், சுகிர்தா சுவரைப் பார்த்து நின்று கதை சொன்னாள். அங்கே ஆட்களைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துத்தான் பேசவேண்டும் என்பதற்காக. ஊர்களையும் அவற்றுக்கு நடுவே உள்ள தெருக்களையும் வைத்து, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கிற முறை. நீளமான அல்கோரிதம். இடையில் ஒரு படியை விழுங்கிவிட்டதை அவளே கண்டுபிடித்து, திரும்பிப் போய்ச் சரிசெய்து, கடைசிவரை சொன்னாள். முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினாள். பத்மாவதி சுவரில் சாய்ந்தபடி இருந்தார். தலைப்பு வாயிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. கை குளிர்ந்திருந்தது.

எந்த இடத்தில் போனார் என்பது அவளுக்குத் தெரியாது. உம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். செத்துப்போன மனிசிக்கு அவள் எவ்வளவு நேரம் கதை சொன்னாள் என்ற கணக்கு ஒருவரிடமும் இல்லை. அந்த மின்னஞ்சலை எழுதியவர்கள் அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்திருப்பார்கள்.

நோர்வேயிலிருந்து மகள் வர விசா கிடைக்கவில்லை. கனத்தை மயானத்தில் வேலுசாமியும் இராசரத்தினமும் நின்றார்கள்.

சுகிர்தா நேர்முகத்துக்குப் போனாள். போகாமல் இருக்கவே நினைத்தாள். ஆனால் படியில்லாத அறை என்று பேசியது அவர் மட்டும் அல்லவே. அவளுக்கும் இந்த ஊரில் நிற்க ஒரு காரணம் வேண்டும்.

மேசைக்கு அப்பால் மூன்று பேர். நடுவில் ஆளணிப் பிரிவுக்காரி, ஒரு பக்கம் வழுக்கைத் தலையர் ஒருவர், மறுபக்கம் கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். அவருக்கு முன்னால் இருந்த பெயர்ப்பலகையில் தில்லைநாதன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவர் காலை வணக்கம் சொன்னபோதே குரல் தெரிந்துவிட்டது.

"அதே கேள்விதான்," என்றாள் ஆளணிப் பிரிவுக்காரி, தயவாக. "இன்றைக்கு உங்களோடு வேறு யாரும் இல்லை. சுதந்திரமாகச் செய்யலாம்."

சுகிர்தா பலகைப் பேனாவை எடுத்தாள். திறந்தாள். பிறகு கேட்டாள்: "போனமுறை எழுதியது இன்னும் கோப்பில் இருக்கிறதா? வெளியார் உதவி என்று?"

"இன்று நன்றாகச் செய்தால் அது முக்கியம் இல்லை."

"எனக்கு முக்கியம். அதை வெட்டிவிடுங்கள். பிறகு செய்கிறேன்."

வழுக்கைத் தலையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆளணிப் பிரிவுக்காரி, தாங்கள் மூவரும் அந்தக் குரலைக் கேட்டதாகவும், கேட்டதை எழுதுவது கடமை என்றும் சொன்னாள். அவள் சொன்னது பொய் அல்ல. கேட்டார்கள்தான்.

சுகிர்தா தில்லைநாதனின் பக்கம் திரும்பினாள். தமிழில் சொன்னாள்.

"ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியும். அண்டைக்கு அவ என்ன சொன்னவ எண்டு இவைக்குச் சொல்லுங்கோ. உம் எண்டதைத் தவிர ஒரு சொல் சொன்னவவோ?"

மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள், தங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவரிடம் இருப்பது இப்போதுதான் நினைவுக்கு வந்த மாதிரி. தில்லைநாதன் தண்ணீர்க் குவளையைத் தொட்டார். எடுக்கவில்லை. பிறகு மேசையைப் பார்த்து, ஆங்கிலத்தில் சொன்னார்.

"லைன் தெளிவாக இருக்கவில்லை. என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது."

சுகிர்தா பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"அந்த வெளியார் செத்துப்போய்விட்டார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அவர் உதவி செய்தவர்தான். நான் பேசும்போது கேட்டார். உங்கள் மூன்று பேருக்கும் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையை அவர் சும்மா செய்தார்."

ஆளணிப் பிரிவுக்காரி அனுதாபம் தெரிவித்தாள். நடைமுறையைப் புரிந்துகொள்ளவேண்டும் என்றும் சொன்னாள். சுகிர்தா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் பின்னால் செருப்புச் சத்தம் வந்தது. தில்லைநாதன்.

"தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்கோ." இப்போது நல்ல தமிழ். "உங்கடை விடை முழுச் சரி. நான் அண்டைக்கே முழு மாக்ஸ் போட்டனான். நம்புங்கோ."

"ஓம்."

"நான் இஞ்ச தனிய. வாய் திறந்தால், தன்ரை ஆளை உள்ளை எடுக்கப் பாக்கிறான் எண்டு நினைப்பினம். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

"இருக்கும்."

"எனக்குத் தெரிஞ்ச வேறை கம்பனி ஒண்டு இருக்கு. அவைக்குச் சொல்லிவிடட்டே?"

"அங்கையும் லைன் தெளிவில்லாமல் போகும் அண்ணை. விடுங்கோ."

அவர் நின்ற படியிலேயே நின்றார். அவள் இறங்கினாள்.

அந்த மாத முடிவில் பொலிஸ் பதிவு முடிந்தது. புதுப்பிக்கக் காரணம் கேட்டார்கள். வேலைக் கடிதம் இருக்கவில்லை. இராசரத்தினம் கையைப் பிசைந்தார். ஜூன் மாதத்தில் அவளைக் கொழும்பிலிருந்து ஏற்றிப்போக ஒரு பஸ்ஸும் சார்ஜன்டும் துப்பாக்கியும் தேவைப்பட்டன. இந்தமுறை ஒருவரும் வரவில்லை. ஊருக்குக் கப்பலேறுவதற்காக, புறக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் போய், திருகோணமலை பஸ்ஸுக்கு அவளே டிக்கெட் எடுத்தாள்.